சொட்டும் எண்ணெய், முடியும் வாரண்டி: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு மறுபார்வை

வாரண்டி முடிவதற்குள் எஞ்சினில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. பார்க்க வேண்டியவர் யார், எவ்வளவு எண்ணெய் தெரிந்தால் அது கசிவு, கசிவுதான் என்று ஆனபின் செலவு யார் தலையில் என்று கேட்டால்தான் சிக்கல். கார் விற்கும் கம்பெனி ஒரு விடை சொல்கிறது, பட்டறைக்காரர் வேறொன்று சொல்கிறார், நுகர்வோர் ஆணையம் இரண்டையும் கேட்டுவிட்டு ஆதாரம் எங்கே என்கிறது. இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஓட்டையும் உண்டு.

அந்த விடைகளைப் பழவேற்காடு ஏரிக்கரையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் வாடகைக் கார், ஷேர் ஆட்டோ, மீன் பெட்டி ஏற்றும் சிறு லாரி என எல்லாம் ஓடுகின்றன. சாலை முடியும் குப்பங்களில் பைபர் படகுகளும் அவற்றின் எஞ்சின்களும் நிற்கின்றன. உப்புக் காற்று, ஐஸ் உருகிப் பெட்டியிலிருந்து வடியும் உவர்நீர், மணல் என்று வாரண்டிப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் வரக்கூடியவை எல்லாம் இங்கே அன்றாட விஷயம். கடலுக்குத் தள்ளியிருக்கும் நகரத்துக்காரருக்குப் பொருந்தும் அறிவுரை இந்தக் கரையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

எஞ்சின் என்றால் ஒழுகத்தான் செய்யும்

மிகப் பழைய விடை இது. அதற்கு நியாயமும் இருந்தது. 2014ல் உற்பத்தி நின்ற அம்பாசடரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி பி வரிசையைச் சேர்ந்தது. அந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். வண்டி நின்றால் தள்ள ஆளில்லை, சொட்டும். அம்பாசடர் நின்ற இடத்தில் கறை இருந்ததற்கு ஓட்டியவரின் அலட்சியம் மட்டும் காரணமல்ல, வரைபடத்திலேயே அது இருந்தது.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டின் கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான். எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி, பிரைமரி செயின் உறை தனி. இணைப்புகள் கூடக் கூட எண்ணெய்க்கு வழியும் கூடும். ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் எனப் புல்லட்காரர்களே கேலி பேசினார்கள். 2008-09 வாக்கில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உறைக்குள் வந்தபின் அந்தக் கேலிக்கு வேலை குறைந்துவிட்டது.

தக்கை, காகித பேக்கிங்குகளின் இடத்துக்கு நைட்ரைல் ரப்பரும் சிலிக்கோன் பசையும் வந்தன. உதட்டில் சுருள்கம்பி வைத்த ஆயில் சீல் 1930 வாக்கில் ஜெர்மனியில் உருவாகிப் பின்னர் உலகம் முழுக்கப் பரவியது. இன்றைய கார் எஞ்சின் மூன்று ஆண்டுக்குள் சொட்டினால் அதை இயல்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பழைய விடை பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்” என்று சொல்லித்தான் பல புகார்கள் சர்வீஸ் கவுண்டரிலேயே அடங்கிப் போகின்றன.

கம்பெனியின் விடை: ஈரம் வேறு, சொட்டு வேறு

கம்பெனிகள் இன்று சொல்வது இதைவிட நுட்பமானது. இணைப்பைச் சுற்றி மேலே படர்ந்து தூசு ஒட்டிய ஈரம் ஒரு வகை, அது பழுதல்ல. கீழே சொட்டினாலோ டிப் ஸ்டிக்கில் மட்டம் இறங்கினாலோ அது கசிவு. பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்தால் வாரண்டியில் சரிசெய்யப்படும். தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது.

இந்தப் பிரிவினையில் பொறியியல் அடிப்படை உண்டு. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும் உலோக இணைப்பில் மெல்லிய ஈரம் படர்வது எஞ்சினைக் கெடுத்துவிடாது. பிரச்சினை, கோட்டை யார் போடுகிறார் என்பதில் இருக்கிறது. ஈரமா சொட்டா என்று முடிவு சொல்பவரும், சொட்டு என்றால் பணம் கொடுக்க வேண்டியவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

எண்ணெய் குறைவதற்கான அளவுகோலும் தாராளமானது. சில கம்பெனிகளின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை எண்ணெய் செலவாவதை ஏற்கின்றன. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்றால் அந்தக் கணக்கில் ஐந்து லிட்டர் போகலாம். சிறிய காரின் எஞ்சினில் ஊற்றுவதே மூன்று முதல் நான்கு லிட்டர்தான்! அந்த அளவுகோலை மட்டும் நம்பினால் எஞ்சின் காய்ந்துபோன பிறகும் கணக்கு சரியாகவே இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. இரவில் பத்துச் சொட்டு விழுந்தால் அது ஏறக்குறைய அரை மில்லிலிட்டர்; மாதம் முழுக்கச் சேர்த்தாலும் பதினைந்து மில்லியைத் தாண்டாது. டிப் ஸ்டிக் அதைக் காட்டவே காட்டாது. எஞ்சினுக்கு அதனால் உடனடி ஆபத்தும் இல்லை. ஆனால் வாரண்டிக் கோரிக்கைக்கு அந்தப் பத்துச் சொட்டுதான் சாட்சி. அளவைக் கொண்டு கசிவைத் தீர்மானிப்பதில் உள்ள பலவீனம் இதுதான்: ஆபத்தைக் கண்டுபிடிக்க ஓரளவு உதவும், ஆதாரமாக நிற்க உதவாது.

பட்டறையின் விடை: பிரித்துப் பார்

பொன்னேரிப் பக்கத்துப் பட்டறைகள் ஆகட்டும், சென்னைப் பட்டறைகள் ஆகட்டும், வெளி மெக்கானிக்கின் பார்வை நேர் எதிர். எண்ணெய் வெளியே தெரிந்தால் பேக்கிங் போய்விட்டது; மாற்றிவிடு. டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் சேம்பர், டைமிங் கவர், கிராங்க் ஆயில் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், பில்டர் அடி, டிரெயின் போல்ட் வாஷர் என அவர் வரிசையாகப் பார்க்கும் இடங்கள் சரியானவையே. கிராங்கின் பின் சீல் போயிருந்தால் எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் இறங்கும். அதற்குப் பெட்டியையே கழற்ற வேண்டும். வேலைக்கூலி சீலின் விலையைப் பல மடங்கு மிஞ்சுவதால், வாரண்டி முடியுமுன் கண்டுபிடிக்க வேண்டியவற்றில் இதற்கே முதலிடம்.

பட்டறைப் பார்வையின் பலம் அனுபவம். ஓடும் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே சொட்டும் இடமே கசியும் இடம் என்பதில்லை, தேடலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நல்ல மெக்கானிக்குக் கைப்பாடம். துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் தோற்காத முறை. தண்ணீரில் கரைந்தால் அது எண்ணெய் அல்ல, கூலண்ட் என்றும் சொல்லிவிடுவார்கள்.

பலவீனம், பிரிப்பதிலேயே இருக்கிறது. கேஸ் வெளியேறும் வழியில் உள்ள பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால் கிராங்க் பெட்டிக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் வெளியே வரும். அங்கே சீலை மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடியும் அதே ஈரம். தாராளமாக அப்பிய சிலிக்கோன் பசை உதிர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைப்பதும் உண்டு. டேப்பட் கவர் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கவரே வளையும். இவை தவிர, வாரண்டி உள்ள எஞ்சினை வெளியே பிரித்துவிட்டால் கம்பெனி மறுப்பதற்கு நல்லதொரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

அந்தச் சாக்கு எவ்வளவு தூரம் செல்லும்? இந்தியப் போட்டி ஆணையம் இதை ஆராய்ந்திருக்கிறது. ஷம்ஷேர் கட்டாரியா கொடுத்த புகாரின்மேல் 2014 ஆகஸ்ட் 25 அன்று அது 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்பதோடு, வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனை கூடாது என்றும் அது சொன்னது. வெளி வேலையால் கெட்டுப்போன அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்றது. அபராதம் பின்னர் மேல்முறையீடுகளில் சிக்கியது. 1975ல் அமெரிக்கா மேக்னசன்-மாஸ் சட்டத்தில் வகுத்ததற்கு இந்தக் கருத்து நெருங்கியதுதான். ஆனால் அங்கே அது சட்டம், இங்கே ஆணை. குப்பத்துக்காரர் சர்வீஸ் கவுண்டரில் இந்த ஆணையை எடுத்துக்காட்டி வாதாடுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சட்டத்தின் விடை: நிரூபித்துக் காட்டு

சட்டம் இந்தக் கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடுகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாரண்டியை விற்பனையின் துணை உறுதிமொழியாக மட்டுமே பார்த்தது. அதை மீறினால் இழப்பீடு கேட்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. அது சிவில் நீதிமன்றத்தின் காலம். கார் வாங்கியவர் அங்கே போய் நிற்பதற்குள் எஞ்சின் பழைய இரும்பாகியிருக்கும்.

1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து நிலைமையை மாற்றியது. அதன் இடத்தில் வந்த 2019 சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய வரவு. திருப்பாலைவனத்துக்காரர் சென்னையில் வாங்கிய வண்டிக்குத் திருவள்ளூர் ஆணையத்தை நாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொடுக்கல் வாங்கலுக்குக் கட்டணம் இல்லை. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு.

சட்டம் கைகொடுக்கும் எல்லையை 2006ல் உச்ச நீதிமன்றம் மாருதி உத்யோக் வழக்கில் தெளிவாக்கியது. வாரண்டியின் கீழ் கம்பெனியின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது. பாகத்தில் குறை என்பதற்காக முழு வண்டியை மாற்றச் சொல்ல இயலாது. எண்ணெய்க் கசிவில் இதன் பொருள் வெளிப்படை: சீல் கிடைக்கும், புது எஞ்சின் கிடைப்பது அரிது. 2010ல் பியட் தொடர்பான வழக்கில், உற்பத்திக் குறை உண்டா என்று தனி நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்ற வழியையும் அதே நீதிமன்றம் காட்டியது.

இங்கேதான் சட்டத்தின் விடை தடுமாறுகிறது. குறையை நிரூபிக்கும் பாரம் புகார் கொடுப்பவர் மீது. சோதிக்காமல் தெரியாத குறையை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; அதற்கான செலவைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க் கசிவுக்கு யார் அதைச் செய்வார்? அதனால் கசிவு வழக்குகளில் பெரும்பாலானவை எஞ்சினே சிக்கிப் போன பிறகுதான் ஆணையத்தை எட்டுகின்றன எனக் கருத இடமுண்டு. அதற்குள் எது முதலில் கெட்டது என்று சொல்லக்கூடிய தடயமே மிஞ்சாது.

தொழிலுக்கு வாங்கிய வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் எழும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய லட்சுமி என்ஜினியரிங் வழக்கில், 1995ல், உச்ச நீதிமன்றம் இதை விரித்துரைத்தது. தானே ஓட்டும் ஆட்டோவை வாங்கியவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டதால் அந்த நிலை போய்விடாது. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் நுகர்வோர் அல்லர். மீன் ஏற்றும் வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு இது பாதுகாப்பு. நான்கைந்து பேர் பங்குபோட்டு வாங்கிய படகு எஞ்சினுக்கு இந்த விளக்கம் எப்படிப் பொருந்தும் என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதல்ல.

உப்பு யார் குற்றம்?

இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் கசிவை இரண்டாகப் பிரிக்கின்றன. வார்ப்பில் நுண்துளை, பேக்கிங் சரியாக உட்காராதது, பசையில் இடைவெளி என்பவை உற்பத்திக் குறை. சூட்டில் ரப்பர் இறுகிக் காலப்போக்கில் கசிவது தேய்மானம். முதல் வகை பெரும்பாலும் வாரண்டிக் காலத்துக்குள் தலைகாட்டும். இரண்டாவது வகைக்கு ஆண்டுகள் வேண்டும். வாரண்டிக் கடைசியில் பார்க்கச் சொல்லும் அறிவுரையின் தர்க்கம் முழுவதும் இந்தப் பிரிவினைமேல் நிற்கிறது.

கடற்கரையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. தகட்டில் அடித்த ஆயில் சேம்பரின் விளிம்பு, டிரெயின் போல்ட், பில்டர் டப்பாவின் மடிப்பு ஆகிய இடங்களில் உப்பு படிந்து துரு ஏறும். விளிம்பில் துரு புடைத்தால் பேக்கிங் தூக்கிக்கொள்ளும். அப்போது எண்ணெய் ஈரமாகத் தொடங்கிச் சொட்டாகும். பேக்கிங் நல்லதாகவே இருக்கும், ரப்பர் இறுகியும் இருக்காது. குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு இதே வேலையைச் செய்கிறது. அதனால் அங்கே இதைப் பற்றிய பேச்சு அதிகம். இங்கே ஆண்டு முழுக்க உப்புக் காற்று. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் துரு வரைபடத்தை உருவாக்கியிருக்கிறது, மண்டபத்தில் கடல்சார் சோதனை நிலையமும் நடத்துகிறது. கரையோரத்தில் உலோகம் கெடும் வேகம் வேறு என்பது ஆய்வாளருக்குப் புதிதல்ல.

வாரண்டிப் புத்தகங்கள் பொதுவாக உப்பு, வேதிப்பொருள், சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் வைக்கின்றன. இதை ஆதரிக்கும் வாதம், வண்டி நிற்கும் இடத்தின் காற்றுக்குக் கம்பெனி பொறுப்பாக முடியாது என்பது. எதிர்வாதம் இன்னும் வலுவானது என்று தோன்றுகிறது: ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்குக் கடற்காற்று எதிர்பாராத நிகழ்வு அல்ல. எதிர்பார்க்கக்கூடிய பயன்பாட்டைத் தாங்காத பொருளைக் குறையுள்ள பொருள் என்று சொல்ல இடம் உண்டா? நேரான விடை இன்னும் கிடைக்கவில்லை.

ஓட்டத்தின் கணக்கும் இங்கே வேறு. மாருதி நீண்ட காலம் கொடுத்துவந்த இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டியை 2024 ஜூலையில் மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆக்கியது. பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குத் தினம் போய்வரும் வண்டி நாளைக்கு 120 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 36,000. மூன்றாண்டு முடியுமுன்பே ஒரு லட்சம் தாண்டிவிடும். நாட்காட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வாரண்டி முடிந்த நாளே தெரியாது.

தண்ணீரில் நிற்கும் எஞ்சின்

படகு எஞ்சினில் கேள்வியே தலைகீழாகிறது. காரில் எண்ணெய் வெளியே வருகிறதா என்று பார்க்கிறோம். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப் பெட்டியில் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே கியர் ஆயில் இருக்கும். புரொப்பல்லர் தண்டின் சீல் போனால் உப்புநீர் நுழைந்து எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமாகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டிரெயின் திருகைத் தளர்த்தி முதலில் வருவது என்னவென்று பார்த்தால்தான் தெரியும்.

சீல் போவதற்கான காரணமும் இந்த ஊர்த் தொழிலோடு சேர்ந்தது. அறுந்த நைலான் நூல் புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். முகத்துவாரம் மணல் மூடும்போது புரொப்பல்லர் தரையில் இடிபடுவதும் சேரும். இரண்டையும் கம்பெனி பயன்படுத்தியவர் குறை என்றே எழுதும். தொழிலுக்குப் பயன்படும் அவுட்போர்டுக்கு வாரண்டிக் காலத்தைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பல படகு எஞ்சின்களில், வாங்கியவர் ஒரு தொண்டு நிறுவனம், ஓட்டியவர் மீனவர். புகார் கொடுக்கும் உரிமை யாருடையது என்ற குழப்பம் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

இன்னொரு கணக்கு வாரண்டிக்கு வெளியே இருக்கிறது. எஞ்சினிலிருந்து படகின் அடியில் சேரும் எண்ணெய் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் வலையும் படகும் கறுத்ததைப் பார்த்த கரை இது. அந்த அளவோடு ஒரு படகின் கசிவை ஒப்பிட முடியாது. ஆனால் அதைக் கணக்கிலேயே எடுக்காத வாரண்டி விவாதம் பாதி விவாதம்தான்.

தீராதவை

விடைகளைத் தட்டில் வைத்துப் பார்த்தால், கசிவைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதில் கம்பெனி மெக்கானிக்கும் தெரு மெக்கானிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே சொல்கிறார்கள். பிளவு, கண்டதை யார் எழுதுவது என்பதில் தொடங்குகிறது. சர்வீசுக்கு விட்ட வண்டிக்குப் பெரும்பாலும் முதலில் நடப்பது வாட்டர் வாஷ். சாட்சி அங்கேயே கழுவப்பட்டுப் போகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றாமல் பார்த்தால் அதில் தேங்கிய எண்ணெய் கண்ணில் படாது. “ஒண்ணும் இல்ல சார்” என்ற பதிலும் பொய்யாக இராது.

ஈரத்துக்கும் சொட்டுக்கும் இடையே எல்லாரும் ஏற்கும் ஒரு பொது அளவு இன்னும் இல்லை. கடற்காற்றால் வந்த கசிவு குறையா, இயற்கையா என்பதும் திறந்தே கிடக்கிறது. பங்காளிகள் சேர்ந்து வாங்கிய படகு எஞ்சினின் சட்ட நிலையும் அப்படியே. 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் கம்பெனிகளின் தகவல்களை ஓரிடத்தில் திரட்டுகிறது. இந்த மூன்றில் எதையும் அது தீர்க்காது.

அதுவரை ஏரிக்கரையில் வண்டி வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாரண்டி முடிய இரண்டு மாதமோ ஐயாயிரம் கிலோமீட்டரோ மீதி இருக்கும்போது, கழுவாத எஞ்சினைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு, அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, பார்த்ததை ஜாப் கார்டில் எழுதிக் கேளுங்கள். “ஈரம் மட்டும்” என்று எழுதினாலும் பரவாயில்லை. அந்த வரியும் அதன் தேதியும் கையில் இருந்தால், நாளை சொட்டும்போது அது வாரண்டிக்குள் தொடங்கியது என்று திருவள்ளூரில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும்.